வைனலைக் கழற்றிவிட்டுச் செங்கல் கட்டினோம்: ராலே வீட்டு வேலைக் குறிப்புகள்

எங்கள் வீட்டின் வடக்குச் சுவரில் வைனல் சைடிங் (சுவருக்கு வெளியே போர்த்தும் பிளாஸ்டிக் பலகை) உருகி நெளிந்துவிட்டது. தீயும் இல்லை, அடுப்பும் இல்லை. பக்கத்து வீட்டு ஜன்னலில் பட்டுத் திரும்பிய வெயில்தான் காரணம். இப்போது வரும் ஜன்னல்கள் பெரும்பாலும் இரட்டைக் கண்ணாடி, உள்ளே வெப்பத்தைத் திருப்பும் லோ-இ பூச்சு. குளிர்காலத்தில் இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே அடைத்த வாயு சுருங்கும்போது கண்ணாடி லேசாக உள்வாங்கி, குழியாடிபோல வெயிலை ஒரே இடத்தில் குவிக்கும். அந்தப் பருவத்தில் சூரியனும் தாழ்ந்து வருவதால், தெற்கு பார்த்த பக்கத்து ஜன்னலின் ஒளி நேராக எங்கள் வடக்குச் சுவருக்கு வந்தது. வைனல் சுமார் 160 டிகிரி ஃபாரன்ஹீட்டிலேயே இளக ஆரம்பித்துவிடும். குவிந்த வெயிலுக்கு அது பெரிய சூடு இல்லை.

அதே வைனலைத் திரும்பப் போட்டால் அடுத்த குளிர்காலத்தில் அதுவும் உருகும். பக்கத்து வீட்டாரிடம் ஜன்னலுக்கு வெளியே வலைத்திரை போடச் சொல்லலாம். அவர்கள் நல்ல மனிதர்கள், போட்டும் இருப்பார்கள். ஆனால் என் சுவரின் ஆயுள் அடுத்தவர் ஜன்னலை நம்பி இருக்கக் கூடாது என்று பட்டது. முன்பக்கமும் வெளிறிப்போயிருந்ததால், வடக்குச் சுவருக்கும் முன்சுவருக்கும் செங்கல் என்று முடிவெடுத்தோம். எங்களுடையது அமெரிக்காவின் வட கரோலினாவில் ராலே அருகே 1990களில் கட்டிய ராஞ்ச் வீடு. ஒரே தளம், மரச்சட்டம், தரைக்கு அடியில் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்குக் கிரால் ஸ்பேஸ்.

இந்த வேலையைப் பற்றி ஊரில் பேசும்போதெல்லாம் ஒன்றை விளக்க வேண்டியிருந்தது. நம் ஊர்ப் பழைய வீடுகளில் செங்கல் சுவர்தான் கூரையைத் தாங்கும். இங்கே கூரையைத் தாங்குவது மரச்சட்டம். செங்கல் அதற்கு வெளியே, ஓர் அங்குலக் காற்று இடைவெளி விட்டு, தனியாக நிற்கும். வீட்டின் எடையில் ஒரு பவுண்டைக்கூட அது சுமக்காது. ஆனால் அதற்கென்று சொந்த எடை இருக்கிறதே, அதை யார் சுமப்பது? வைனலைச் செங்கலாக மாற்ற நினைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். நிறம், விலை எல்லாம் அப்புறம்.

கணக்கு எளிது. வைனல் ஒரு சதுர அடிக்கு ஒரு பவுண்டுகூட வராது. முழுச் செங்கல் கலவையோடு சேர்ந்து சதுர அடிக்குச் சுமார் 40 பவுண்டு. ஜன்னல், கதவு கழித்து எங்கள் இரண்டு சுவரும் 480 சதுர அடி. ஆக 19,200 பவுண்டு, கிட்டத்தட்ட 8.7 டன். வைனலுக்கென்று கட்டிய வீட்டில் இந்த எடை உட்கார இடம் இருக்காது. செங்கல் போடத் திட்டமிட்டுக் கட்டிய வீடென்றால் அஸ்திவாரத்திலேயே அதற்கு ஒரு திட்டு விட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் 8 அங்குல கான்கிரீட் பிளாக் சுவர், அதன் மேல் மரம், மரத்தின் வெளிமுகமும் பிளாக்கின் வெளிமுகமும் ஒரே நேர்கோட்டில். அவ்வளவுதான்.

அதனால் கட்டுமானப் பொறியாளர் ஒருவரை அழைத்தோம். இந்தச் செலவை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். அவர் சொன்னபடி சுவரோரமாகச் சில இடங்களில் குழி தோண்டி, பழைய ஃபுட்டிங் (அஸ்திவாரச் சுவருக்கு அடியில் இருக்கும் கான்கிரீட் அடித்தளம்) பிளாக்குக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்தேன். சில இடத்தில் 4 அங்குலம், சில இடத்தில் அதுவும் இல்லை. காற்று இடைவெளிக்கு 1 அங்குலம், செங்கல் கனம் 3 5/8 அங்குலம், இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 5 அங்குலம் வேண்டும். பழைய ஃபுட்டிங்கை நம்ப முடியாது என்று தெரிந்துவிட்டது.

மிச்சம் மூன்று வழிகள். அஸ்திவாரச் சுவரில் எல் வடிவ இரும்புக் கோணத்தை போல்ட் அடித்து அதன் மேல் கல்லை அடுக்கலாம். கெட்டியான கான்கிரீட் சுவருக்கு அது பொருந்தும். எங்களுடையது உள்ளே பொள்ளலான பிளாக் என்பதால் பொறியாளருக்கு அதில் விருப்பமில்லை. இரண்டாவது, அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் கனத்தில் வரும் மெல்லிய செங்கல் வில்லைகளை ஒட்டுவது. அதற்கு ஃபுட்டிங்கே தேவையில்லை, எடையும் குறைவு. தோண்ட இடமில்லாத வீட்டுக்கு அதுதான் நேர்மையான தீர்வு. ஆனால் முழுச் செங்கல் சுவரின் பெரிய பலமே அதன் பின்னால் இருக்கும் இடைவெளி. மழைத் தண்ணீர் உள்ளே வந்தாலும் இறங்கி வெளியேற அது வழிவிடும். ஒட்டுகிற முறையில் அந்த வழியைத் தனியாக ஏற்படுத்த வேண்டும், பலர் செய்வதில்லை. அதனால் மூன்றாவது வழியை எடுத்தோம்: பழைய ஃபுட்டிங்கை ஒட்டிப் புதிய கான்கிரீட் வார்ப்பது.

காகித வேலை பற்றிச் சுருக்கமாக. பொறியாளரின் வரைபடத்தோடு உள்ளூராட்சியின் கட்டட அனுமதி, குடியிருப்புச் சங்கத்தின் ஒப்புதல், இரண்டும் வேலைக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். பலர் யோசிக்காத ஒன்று எல்லைக் கோடு. பக்கச் சுவர் 5 அங்குலம் வெளியே வருகிறது. எல்லையிலிருந்து விட வேண்டிய இடம் ஏற்கெனவே இறுக்கமாக இருந்தால் இந்த 5 அங்குலமே தடையாகிவிடும். நில அளவைப் படத்தை எடுத்துப் பார்த்துவிடுங்கள். கூரை விளிம்பையும் பாருங்கள். எங்கள் வீட்டில் முன்பக்கம் கூரை ஓர் அடிக்கு மேல் நீண்டிருந்தது, கவலையில்லை. வடக்குப் பக்கம் முக்கோண முகப்பு. அங்கே கூரை சில அங்குலமே வெளியே நீட்டியிருந்தது. செங்கலை உச்சிவரை கொண்டுபோனால் அது கூரையைத் தாண்டி வெளியே துருத்தும். ஆகவே கல்லைக் கூரை தொடங்கும் மட்டத்தோடு நிறுத்தி, மேல் முக்கோணத்துக்கு ஃபைபர் சிமெண்ட் பலகை போட்டோம். வெயில் குவிந்த இடம் அதற்குக் கீழேதான் இருந்தது.

தோண்டுவதற்குச் சில வேலை நாட்கள் முன்பு 811 எண்ணுக்கு அழைத்துச் சொல்லிவிட வேண்டும். கட்டணம் இல்லை. மண்ணுக்கடியில் போகும் இணைப்புகளை வண்ணத்தால் குறித்துவிட்டுப் போவார்கள்: மின்சாரம் சிவப்பு, எரிவாயு மஞ்சள், தண்ணீர் நீலம், தொலைத்தொடர்பு ஆரஞ்சு, கழிவுநீர் பச்சை. எங்கள் முன்சுவரை ஒட்டியே மஞ்சள் கோடு விழுந்தது. அந்தப் பகுதி முழுவதும் மண்வெட்டியால் மட்டும் தோண்டினோம்.

இந்தப் பக்கத்து மண் செம்மண் களி. காய்ந்தால் கடப்பாரை கேட்கும், நனைந்தால் மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு விழாது. மழை ஓய்ந்த ஒரு வாரமாகப் பார்த்துத் தொடங்கினோம். பனி உறையும் ஆழம் இங்கே 12 அங்குலம்தான், வடக்கு மாநிலங்களில் இதே வேலைக்கு 3, 4 அடி தோண்ட வேண்டியிருக்கும். பழைய ஃபுட்டிங்கின் அடிமட்டத்துக்குக் கீழே போகக் கூடாது, நீளம் முழுவதையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்கவும் கூடாது என்று பொறியாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பக்கத்து மண்ணை எடுத்துவிட்டால் பழைய ஃபுட்டிங்குக்குப் பிடிமானம் போய்விடும். துண்டு துண்டாகத் திறந்து, பழைய கான்கிரீட்டில் துளை போட்டு, அரை அங்குலக் கம்பிகளை எபாக்ஸியால் நட்டு, அவை புதிய கான்கிரீட்டுக்குள் நீளும்படி விட்டோம். பழையதும் புதியதும் தனித்தனியாக இறங்கினால் செங்கலில் படிக்கட்டு மாதிரி விரிசல் ஏறும். ஆய்வாளர் வந்து குழியையும் கம்பியையும் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் கான்கிரீட் ஊற்றினோம். இந்த ஊரில் கரையான் தொல்லை அதிகம். வீட்டைச் சுற்றி மண்ணில் மருந்து போட்டு ஆண்டுதோறும் ஒப்பந்தம் வைத்திருப்போம். தோண்டினால் அந்த மருந்து அரண் உடைந்துவிடுகிறது. குழியை மூடும் முன் மருந்து போடும் நிறுவனத்தாரை அழைத்துத் திரும்ப மருந்து போட வைத்தோம்.

கான்கிரீட் இறுகிக்கொண்டிருந்த நாட்களில் வைனலைக் கழற்றினேன். கையால் பிய்க்கத் தேவையில்லை. ஜிப் டூல் என்று கொக்கி போன்ற சின்னக் கருவி கடையில் கிடைக்கும். பலகையின் கீழ் விளிம்பில் மாட்டி இழுத்துக்கொண்டே போனால் பூட்டு திறந்துகொள்ளும். மேலிருந்து கீழாக வர வேண்டும். வைனல் வெயிலில் நீண்டு குளிரில் சுருங்கும் என்பதால் ஆணியை இறுக்கி அடித்திருக்க மாட்டார்கள், நகக்கண் அளவு இடம் விட்டிருப்பார்கள். அதனால் ஆணிகளும் சிரமமில்லாமல் வந்துவிட்டன. நெளியாத பலகைகளைத் தூக்கிப் போடவில்லை. மற்ற இரண்டு சுவர்களில் இன்னும் வைனல்தானே இருக்கிறது. நாளைக்கு ஒரு பலகை உடைந்தால், அதே அளவு வெளிறிய நிறத்தில் ஒட்டுப்போட இதைவிடப் பொருத்தம் கடையில் கிடைக்காது.

வைனலுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்பதைக் கழற்றும்வரை யாராலும் சொல்ல முடியாது. ஒரு ஜன்னலின் கீழ் மூலை இரண்டிலும் ஓஎஸ்பி பலகை (மரச்சீவல்களை அழுத்திச் செய்த பின்பலகை) கறுத்து, விரலால் அழுத்தினால் உதிரும் நிலையில் இருந்தது. ஜன்னலைச் சுற்றி நீர்த்தடுப்புப் பட்டை ஒட்டாமலே கட்டியிருக்கிறார்கள். இத்தனை வருடமும் மழை உள்ளே இறங்கியிருக்கிறது. நல்ல மரம் தெரியும்வரை வெட்டி எடுத்துப் புதுப் பலகை அடித்தோம். இதைச் செய்யாமல் மேலே செங்கல் கட்டியிருந்தால், அடுத்து யாராவது இதைப் பார்ப்பது சுவரை இடிக்கும்போதுதான். செங்கல் வேலைக்கு விலை கேட்கும்போது, பின்பலகை மாற்ற வேண்டி வந்தால் பலகைக்கு என்ன விலை என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

இனி நான் அதிகம் மெனக்கெட்ட இடம். செங்கல் தண்ணீரைத் தடுக்காது. சாய்வாக அடிக்கும் மழையில், கல்லுக்கும் கலவைக்கும் நடுவே இருக்கும் நுண்ணிய பிளவுகள் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். எவ்வளவு நல்ல கொத்தனார் கட்டினாலும் வரும். அது மரத்தைத் தொடாமல் கீழே இறங்கி வெளியே போக வேண்டும், அதற்காகத்தான் அந்த ஓர் அங்குலம். புதுப் பலகையின் மேல் டைவெக் என்னும் நீர்த்தடுப்புத் தாள் விரித்தோம். ஓட்டுக் கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிகிற மாதிரி, மேல் தாள் எப்போதும் கீழ்த் தாளின் மேல் வர வேண்டும். ஜன்னலுக்கு முதலில் அடியில், அப்புறம் இரு பக்கமும், கடைசியாகத் தலையில் பட்டை ஒட்ட வேண்டும். தலைப் பட்டையின் மேல் டைவெக் மடிந்து இறங்க வேண்டும்.

அடிமட்டத்தில், பிளாக் முடிந்து மரம் தொடங்கும் இடம்வரை செங்கல்லுக்கும் பிளாக்குக்கும் நடுவே கலவையை நிரப்பிக் கெட்டியாகக் கட்டினோம். கிரால் ஸ்பேஸின் காற்றுத் துவாரங்கள் மறைந்துவிடாதபடி, அதே இடங்களில் செங்கலிலும் திறப்பு விட்டோம். மரம் தொடங்கும் மட்டத்தில் ஃப்ளாஷிங், அதாவது தண்ணீரை வெளியே திருப்பும் பட்டை. அதன் மேல்முனை டைவெக்குக்குப் பின்னால் 8 அங்குலத்துக்கு மேல் ஏறும், கீழ்முனை செங்கல் வரியின் மேல் படுத்து வெளிமுகம்வரை வரும். வெளியே ஒரு நூல் அளவாவது தெரிய வேண்டும். உள்ளேயே நின்றுவிட்டால் தண்ணீர் அங்கேயே தேங்கி, கல்லுக்குள்ளும் மரத்துக்குள்ளும் திரும்பிவிடும். ஃப்ளாஷிங்குக்கு நேர் மேலே உள்ள வரியில், இரண்டடிக்கு ஒன்றாக ஒரு நிற்கும் இணைப்பில் கலவை வைக்காமல் திறந்து விட்டோம். வீப் ஹோல் என்பது இதுதான். இங்குள்ள வீட்டு விதியில் 33 அங்குலம்வரை தள்ளி வைக்கலாம் என்றிருக்கிறது. செலவே இல்லாத விஷயத்தில் அந்த எல்லைவரை போவானேன்?

இந்த ஓட்டைகளை அடைப்பது வெளியிலிருந்து வரும் குப்பை இல்லை, உள்ளே விழும் கலவைதான். கல் வைக்கும்போது பின்பக்கம் பிதுங்கும் கலவை இடைவெளிக்குள் விழுந்து அடியில் குவியும். அடியில் வலைப்பின்னல் போட்டிருந்தோம், அது கொஞ்சம் தாங்கும். அதற்கு மேல், கலவையைப் பின்விளிம்பில் சாய்த்து வைப்பது கொத்தனாரின் கைப்பழக்கம். வேலைக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது நான் அவர் கட்டிக்கொண்டிருந்த வேறொரு வீட்டுக்குப் போய், முன்முகத்தைப் பார்க்காமல் இடைவெளிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அங்கேயே பேசி முடித்துவிட்டேன்.

செங்கலின் எடையைத் தரை தாங்குகிறது, ஆனால் அது முன்னே சாயாமல் பிடிப்பது வீட்டின் வேலை. அதற்குத்தான் டை என்னும் நெளிநெளியான துத்தநாகம் பூசிய தகடுகள். கனம் 22 கேஜ், முக்கால் அங்குலத்துக்குச் சற்று அதிகமான அகலம். ஒரு முனை மரக்காலில் (மரச்சட்டத்தில் நிற்கும் மரம்) ஆணியோடு, மறுமுனை கலவைக்குள் குறைந்தது ஒன்றரை அங்குலம். ஓஎஸ்பியில் மட்டும் அடித்தால் போதாது, ஆணி மரக்காலைப் பிடிக்க வேண்டும். அதனால் டைவெக்கின் மேல் ஒவ்வொரு மரக்காலின் நடுவிலும் சுண்ணக்கயிறு தட்டிக் கோடு போட்டுவைத்தேன். ஒரு டை 2.67 சதுர அடிவரை பிடிக்கலாம் என்கிறது விதி. நாங்கள் பக்கவாட்டில் 16 அங்குலத்துக்கு ஒன்று, உயரத்தில் ஆறு வரிக்கு ஒன்று என்று போட்டோம். தகட்டை ஆணிக்கு அரை அங்குலத்துக்குள்ளேயே மடிக்க வேண்டும். தள்ளி மடித்தால் காற்று அழுத்தும்போது அது வில்லாக ஆடும்.

சுவர் 5 அங்குலம் தடிக்கும்போது அதில் மாட்டியிருக்கும் எல்லாமே வெளியே வர வேண்டும்: தோட்டக் குழாய், துணி உலர்த்தியின் புகைவாய், வெளிவிளக்குப் பெட்டி. ஏசியின் வெளி யூனிட்டை இன்னும் தள்ளி வைக்க ஆள் வந்தார். மின் மீட்டர் எங்களுக்குத் தெற்குச் சுவரில் இருந்தது. அது செங்கல் வரும் சுவரில் இருந்தால், மின்வாரியத்தோடும் எலக்ட்ரீஷியனோடும் பேசாமல் தேதி குறிக்காதீர்கள்.

கல் சான்ஃபோர்டு பக்கத்துச் சூளையிலிருந்து வந்தது. ராலேக்குத் தென்மேற்கே இருக்கும் அந்த ஊர் செங்கலுக்குப் பேர்போனது. இந்த மாநிலத்துச் செம்மண் களியும் ஷேல் என்னும் களிப்பாறையும்தான் மூலப்பொருள். மாடுலர் அளவுக் கல்லில் சதுர அடிக்குச் சுமார் 7 வரும். உடைசலுக்கும் வெட்டுக்கும் 5 சதவீதம் சேர்த்து 3,500 கல் சொன்னோம். கல் அடுக்கி வந்த மூன்று பாலெட்டுகளை ஒரே நேரத்தில் பிரித்து, மூன்றிலிருந்தும் கலந்து எடுத்துக் கொடுப்பதுதான் சித்தாளாக என் முதல் வேலை. ஒரே சூளையிலும் வேக்காட்டுக்கு வேக்காடு நிறம் மாறும். ஒரு பாலெட்டை முடித்து அடுத்ததுக்குப் போனால் சுவரில் பட்டை பட்டையாகத் தெரியும்.

நம் ஊரில் செங்கலைத் தொட்டியில் ஊறப்போட்டுத்தான் கட்டுவார்கள். நானும் தண்ணீர்த் தொட்டி வைக்கட்டுமா என்று கேட்டேன். கொத்தனார் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு சோதனை காட்டினார். கல்லின் மேல் ஒரு கால் டாலர் நாணயத்தை வைத்து மெழுகுப் பென்சிலால் வட்டம் வரைந்து, அதற்குள் 20 சொட்டுத் தண்ணீர். ஒன்றரை நிமிடத்துக்குள் உறிஞ்சிவிட்டால் கல்லுக்குத் தாகம் அதிகம், முன்கூட்டி நனைக்க வேண்டும். தங்கினால் அப்படியே வைக்கலாம். எங்கள் கல்லில் தண்ணீர் தங்கியது. நன்றாக வெந்து இறுகிய கல்லை ஊறப்போட்டால் கலவையின் மேல் வழுக்கி மிதக்கும், வரி மட்டத்தில் நிற்காது. நம் ஊர்க் கல் தண்ணீரைக் குடிக்கிற கல், அதற்கு ஊறவைப்பதுதான் சரி. இரண்டு பழக்கமும் அதனதன் கல்லுக்குப் பொருந்தியவை.

கலவை டைப் என்: ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் என்ற கணக்கு. மண்ணுக்கடியில் போன வரிகளுக்கு மட்டும் இன்னும் கெட்டியான டைப் எஸ். மேலேயும் கெட்டியானதையே போட்டால் நல்லதுதானே என்று தோன்றும். அப்படியில்லை. சுவர் அசையும்போது கல்லைவிடக் கலவை கொஞ்சம் இளகியிருந்தால்தான் விரிசல் கல்லில் விழாது. கலவையைக் குழைத்து இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆனால் கொட்டிவிட வேண்டும். கொத்தனார் மூலைகளை முதலில் ஏற்றி, நூல் கட்டி, நடுவை நிரப்பிக்கொண்டே போனார். மூன்று வரிக்கு 8 அங்குலம், ஒவ்வொரு மூன்றாவது வரியிலும் அளவுக் கம்பை வைத்துப் பார்ப்பார். அவர் ரசமட்டத்தை எடுத்ததைவிட நூலைப் பார்த்ததுதான் அதிகம். கல் வெட்டுவதற்குத் தண்ணீர் சொட்டும் ரம்பம். உலர வெட்டினால் பறக்கும் சிலிக்கா தூசு நுரையீரலைக் கெடுக்கும், முகக்கவசம் இல்லாமல் அந்தப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது.

ஜன்னல்களின் தலைக்கு 3 அங்குல எல் கோணம், கால் அங்குலக் கனம், இரு பக்கமும் 4 அங்குலம் கல்லின் மேல் உட்காரும்படி. அதை மரச்சட்டத்தோடு முடுக்கக் கூடாது, கல்லோடு கல்லாக அசைய வேண்டிய இரும்பு அது. அதன் மேலேயும் ஃப்ளாஷிங், அதற்கும் வீப் ஹோல். ஜன்னலின் அடியில் கற்களைக் குத்துக்கல்லாக, வெளியே தண்ணீர் வழியும் சாய்வில் வைத்தோம். அந்தக் கல்லுக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவே கால் அங்குலத்துக்கு மேல் வெற்றிடம். சூளையிலிருந்து வந்த செங்கல் வருடக்கணக்கில் ஈரத்தை வாங்கி மெல்ல வளரும், மரம் காய்ந்து சுருங்கும். இரண்டும் எதிரெதிராக நகரும்போது இடம் இல்லையென்றால் கல் ஜன்னலைத் தூக்கிவிடும். அந்த இடைவெளியைக் கலவையால் அடைக்காமல், நுரைக் கயிறு திணித்து மேலே இளகும் சீலண்ட் போட்டோம். கூரைக்கு அடியிலும் அதே மாதிரி. வடக்குச் சுவரில் கல் முடியும் மட்டத்தில் சாய்வான கல் தொப்பி வைத்து, அதன் பின்னாலிருந்து ஃப்ளாஷிங்கை டைவெக்குக்குள் ஏற்றினோம்.

கட்டி ஒரு வாரம் கழித்துக் கழுவினோம். முதலில் சுவரை நன்றாக நனைத்து, அதற்கென்று விற்கும் சோப்புக் கரைசலால் தேய்த்து, மேலிருந்து கீழாக அலசினோம். நேரடி அமிலம் வேண்டாம் என்று கொத்தனார் மறுத்துவிட்டார், சில நிறக் கற்களில் அது கறை கிளப்பிவிடும். முதல் குளிர்காலத்தில் அங்கங்கே வெள்ளையாக உப்புப் பூத்தது. பதறவில்லை. கல்லிலும் கலவையிலும் இருந்த உப்பு ஈரத்தோடு வெளியே வருகிறது, உலர்ந்த தூரிகையால் துடைத்தால் போதும். சீலர் அடித்துத் தருகிறோம் என்று வந்தவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முகத்தில் படலம் போட்டால் உள்ளே வந்த ஈரம் வெளியேற வழியில்லை. பெயிண்டுக்கும் இதே பதில்தான்.

வீட்டுக்குள் சூடு, குளிர் குறைந்ததா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். செங்கல் தனியாகப் பெரிய காப்பு எதுவும் தராது. வெயில் சுவரைத் தாக்குவது தாமதமாகிறது, தெருச் சத்தம் நன்றாகக் குறைந்திருக்கிறது. மின்கட்டணம் குறைய வேண்டுமென்றால் சுவர் திறந்திருக்கும்போதே ஓஎஸ்பிக்கு வெளியே நுரைப்பலகை அடித்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் டைகளும் ஆணிகளும் அந்தக் கனத்துக்கு ஏற்ப மாறும், ஃபுட்டிங்கும் அந்த அளவு அகலமாக வேண்டும். அதனால் இதையும் பொறியாளர் படம் போடும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.